குழந்தைக்குத் தெரபி நடக்குது, அம்மாவோட தூக்கத்தை யார் பார்க்கிறது? – தருமபுரி, கிருஷ்ணகிரி விவாத இழை

#1 பாலக்கோடு_சிறப்பாசிரியர்

வணக்கம். வட்டார வள மையத்துல நடக்கிற பெற்றோர் கூட்டத்துல ஒரு அமர்வை முழுக்க அம்மாக்களுக்காக ஒதுக்கலாம்னு இருக்கோம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, ஏடிஹெச்டி (கவனக் குறைவும் அதீதத் துறுதுறுப்பும்), மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளோட அம்மாக்கள் 8 முதல் 12 பேர் வருவாங்க. அப்பாக்கள் பெரும்பாலும் பெங்களூரு கட்டட வேலை, திருப்பூர், இல்லன்னா ஓசூர் சிப்காட் ஷிப்ட். இதுவரைக்கும் எல்லாக் கூட்டமும் பிள்ளையைப் பத்தியே போச்சு. பென்சில் பிடிக்க வைக்கிறது, கழிப்பறைப் பழக்கம், யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), உதவித்தொகை. அம்மாவோட மனசு, புருஷன் பொண்டாட்டி உறவு இதைத் தொட்டதே இல்லை. "வீட்டுல எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டா "நல்லாத்தான் இருக்கோம் மேடம்"னு பதில் வரும். முகம் வேற சொல்லும்.

90 நிமிஷம் இருக்கு. என்ன கேட்கணும், எப்படிக் கேட்கணும், கேட்டதுக்கு அப்புறம் எங்க அனுப்பணும்? "மனசைத் தைரியமா வெச்சுக்கோங்க, தியானம் பண்ணுங்க" மாதிரி அறிவுரை வேண்டாம். தெரிஞ்சவங்க செய்முறையாச் சொல்லுங்க.

#2 தென்பெண்ணை (சமூகப் பணி)

மேடம், "குடும்ப வாழ்க்கை எப்படி இருக்கு"ன்னு கேட்டா இந்தப் பக்கம் எந்தப் பொண்ணும் பத்துப் பேர் நடுவுல வாய் திறக்காது. உறவைக் கேட்காதீங்க, நேரத்தைக் கேளுங்க.

ஒவ்வொரு அம்மா கையிலயும் 24 புளியங்கொட்டை கொடுங்க. நம்ம பக்கம் அதுக்குப் பஞ்சமில்லை, எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் செய்யலாம். ஒரு கொட்டை ஒரு மணி நேரம். நேத்து காலையில எழுந்ததுல இருந்து இன்னிக்கு எழுந்த வரைக்கும் அஞ்சு குவியலாப் பிரிக்கச் சொல்லுங்க: பிள்ளைக்காகக் கை வேலை (ஊட்டறது, குளிப்பாட்டறது, பயிற்சி), பிள்ளை மேல கண் வெச்சுக்கிட்டே இருந்த நேரம், வீட்டு வேலையும் காட்டு வேலையும், தூக்கம், தனக்குன்னு இருந்த நேரம்.

ரெண்டாவது குவியலைத் தனியாக் கேட்கலன்னா மொத்தக் கணக்கும் தப்பாப் போயிடும். ரோட்டுக்கு ஓடற பிள்ளை, கிணத்தடிக்குப் போற பிள்ளை, அடுப்புல கை வைக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுல அம்மா சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் காது ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். அதை அவங்களே வேலையா எண்ண மாட்டாங்க. "சும்மாதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்"னு சொல்லுவாங்க. "அந்த நேரத்துல அரை மணி நேரம் நிம்மதியா டிவி பார்த்திருக்க முடியுமா?"ன்னு கேளுங்க. முடியாதுன்னா அந்தக் கொட்டை ரெண்டாவது குவியலுக்குப் போகணும்.

தூக்கக் குவியல் வந்ததும் இன்னொரு கேள்வி: இடையில எழுந்திருக்காம ஒரே மூச்சாத் தூங்கினது எத்தனை மணி? ஏழு கொட்டை வெச்சவங்க கூட "ரெண்டு"ன்னு சொல்லலாம். உங்க 90 நிமிஷத்துல மிக முக்கியமான எண் அதுதான்.

#3 மாந்தோப்பு (அப்பாக்கள் குழு ஒருங்கிணைப்பு)

தென்பெண்ணை சொன்னது நல்ல முறை. ஒரு இடத்துல மட்டும் ஜாக்கிரதை. அதே கொட்டைகளை அப்பாவுக்கும் கொடுத்து ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடுற பழக்கம் சில இடத்துல இருக்கு. அதைச் செய்யாதீங்க. சென்ட்ரிங் வேலையில 11 மணி நேரம் நின்னுட்டு எட்டுப் பேர் தங்கற ஷெட்ல படுக்கிறவர் தன் குவியலைப் பார்த்ததும் "நானும்தான் கஷ்டப்படறேன்"னு ஆரம்பிப்பார். யார் அதிகம் கஷ்டப்படறதுன்னு போட்டியாயிடும், அந்த வாரம் வீட்டுல சண்டை உறுதி.

ஒப்பிட்டே ஆகணும்னா ரெண்டு எண்ணை மட்டும் எடுங்க. ஒண்ணு, தொடர்ச்சியான தூக்கம். இன்னொண்ணு, பிள்ளையோட முழுப் பொறுப்பும் ஒரே ஆள் தலையில இருந்த மணி நேரம். வேலை கடினமா இல்லையாங்கற வாதம் இதுல வராது. ரெண்டாவது எண் அப்பாவுக்குப் பெரும்பாலும் பூஜ்யமா இருக்கும், அதைப் பார்த்ததும் அவரே அமைதியாயிடுவார். குத்தம் சாட்டாம அந்த இடத்துக்குக் கொண்டு வரணும்.

#4 உளநலம்_தருமபுரி (மருத்துவ உளவியல்)

முதல்ல ஒரு விஷயத்தைப் பிரிச்சுக்கணும். இந்த அம்மாக்களோட சோர்வு மூணு வேற வேற இடத்துல இருந்து வரலாம்: தூக்கமின்மை, உடம்புக் குறை, மனச்சோர்வு நோய். மூணும் வெளியில ஒரே மாதிரி தெரியும், மூணுக்கும் வைத்தியம் வேற.

பிரிக்க ஒரு எளிய கேள்வி: "உங்க அம்மா வீட்டுக்குப் போய், பிள்ளையை வேற யாராவது பார்த்துக்கிட்டா, படுத்ததும் தூங்கிடுவீங்களா?" தூங்கிடுவேன்னு சொன்னா தூக்கக் கடன், அதாவது பல நாளாச் சேர்ந்த தூக்கக் குறை, பெரிய பங்கு வகிக்குது. அப்பவும் தூக்கம் வராது, விடியக்காலம் மூணு நாலு மணிக்கே முழிப்பு வந்து மனசு கனக்குதுன்னு சொன்னா மனச்சோர்வை நினைக்கணும்.

மனச்சோர்வைக் கணக்கிட பி.ஹெச்.க்யூ-9 படிவம் தமிழ்ல இருக்கு. கடந்த 2 வாரத்தைப் பத்தி 9 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 5 முதல் 9 லேசானது. 10 தொட்டா மருத்துவரைப் பார்க்கணும். 15, 20ன்னு ஏறினா அடுத்த மாசக் கூட்டம் வரைக்கும் காத்திருக்கவே கூடாது. முதல் ரெண்டு கேள்வியை மட்டும் (எதுலயும் ஆர்வமில்லாமை, மனம் சோர்ந்து நம்பிக்கையத்துப் போறது) கேட்டு, கூட்டு 3 அல்லது மேல வந்தா முழுப் படிவத்துக்குப் போறது போதும்.

இதுல தப்பு நடக்கிற இடங்கள். தூக்கம், களைப்பு, பசி பத்தின கேள்விகள் இந்த அம்மாக்களுக்குப் பிள்ளை ராத்திரி முழிக்கிறதாலேயே ஏறிடும். அதனால மொத்த எண்ணோட சேர்த்து 1, 2, 6 கேள்விகளைத் தனியாப் பாருங்க. ஆறாவது, "நான் தோத்துட்டேன், குடும்பத்துக்குத் துரோகம் பண்ணிட்டேன்"ங்கற எண்ணம். தூக்கக் கடன் மட்டும் இருக்கிறவங்களுக்கு இது அவ்வளவா ஏறாது.

படிவத்தைக் கூட்டத்துல விநியோகிக்காதீங்க. பக்கத்துல நாத்தனாரோ அதே ஊர்க்காரங்களோ உட்கார்ந்திருப்பாங்க, எல்லாரும் 0 போட்டுக் கொடுத்துடுவாங்க. தனி அறையில, வாயால கேட்டு, நீங்களே குறிச்சுக்கணும்.

ஒன்பதாவது கேள்வி உயிரை மாய்ச்சுக்கிற எண்ணம் பத்தினது. அதுக்கு 1 வந்தாலே, மொத்தம் எவ்வளவா இருந்தாலும், அன்னிக்கே உட்கார்ந்து பேசணும். இந்தத் தாய்மார்கள் கிட்ட கூடுதலா ஒண்ணு கேட்டே ஆகணும்: "பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயிடலாம்னு தோணுதா?" தனக்கு அப்புறம் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பாங்கற பயத்துல வர்ற எண்ணம் அது. நேரடியாக் கேட்கிறதால அந்த எண்ணம் புதுசா முளைக்காது. யாராவது கேட்க மாட்டாங்களான்னு காத்திருக்கிறவங்கதான் அதிகம்.

ஆமான்னு சொன்னா: அன்னிக்குத் தனியா வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வீட்டுல இருக்கிற பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலி மருந்து எல்லாத்தையும் அன்னிக்கே வேற வீட்டுக்கு மாத்தச் சொல்லணும். பூட்டி வெச்சாப் போதாது, சாவி எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். 14416ன்னு டெலி-மானஸ் எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசலாம். ஆபத்து உடனடியா இருந்தா 108. போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்து முயற்சி நடந்ததையே மறைக்கிற குடும்பங்கள் இருக்கு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115, முயற்சி செஞ்சவர் கடும் மன அழுத்தத்துல இருந்ததாவே எடுத்துக்கணும், வழக்குத் தொடரக் கூடாதுன்னு சொல்லுது. இதைச் சொன்னாலே பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கு வருவாங்க.

#5 கிராமச்_செவிலியர்_ஊத்தங்கரை

மேல சொன்ன உடம்புக் குறை பத்தி. சோர்வுன்னு வர்ற எந்த அம்மாவுக்கும் முதல்ல ரெண்டு ரத்தப் பரிசோதனை பண்ணுங்க. ஹீமோகுளோபின் 12க்குக் கீழ இருந்தா ரத்தசோகை. இன்னொண்ணு தைராய்டு, டிஎஸ்ஹெச். தைராய்டு குறைஞ்சா உடம்பு கனம், மறதி, அழுகை, தாம்பத்தியத்துல விருப்பமின்மை எல்லாம் வரும். அது கண்டுபிடிக்கப்படாம "பொண்டாட்டி மாறிட்டா"ன்னு வீட்டுல பேச்சாகிடும். ஹீமோகுளோபின் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே பார்க்கலாம்.

இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோட சாப்பிட்டா உடம்புல சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடணும்.

#6 ஓசூர்_பேச்சுப்பயிற்சி

வீட்டுப் பயிற்சிங்கற பேர்ல நாங்களே அம்மா தலையில எவ்வளவு ஏத்தறோம்னு தெரபிஸ்டுகள் யோசிக்கணும். பேச்சுப் பயிற்சிக்கு தினம் ஒரு மணி, கை வேலைப் பயிற்சிக்கு ஒரு மணி, இயன்முறைக்கு அரை மணின்னு மூணு பேரும் தனித்தனியா எழுதிக் கொடுத்தா, அந்த ரெண்டரை மணி நேரம் யார் தூக்கத்துல இருந்து எடுக்கப்படுது? செய்ய முடியலன்னா அடுத்த தடவை "வீட்டுல ஒழுங்காப் பண்ணலையாம்மா"ன்னு கேட்கிறோம். ஏற்கெனவே மாமியார் சொல்ற பழிக்கு மேல நம்ம பழியும் சேருது.

தனி நேரம் ஒதுக்காம நடக்கிற வேலைக்குள்ளயே பயிற்சியைப் புகுத்தணும். குளிக்கும்போது "ஊத்து", "போதும்"னு ரெண்டு வார்த்தை. களி கிண்டும்போது மாவைக் கையால அளந்து போடறது. சட்டை மாட்டும்போது கடைசிப் பட்டன் மட்டும் பிள்ளை போடறது. ஒரு வேலைக்கு ஒரு இலக்கு, ஒரு தடவைக்கு 5 முதல் 10 நிமிஷம். அதுல ஒரு வேலையை முழுசா அப்பா பேருக்கு எழுதுங்க, ஞாயித்துக்கிழமைக் குளியல் மாதிரி.

இந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு பழி இருக்கு. ஓசூர், தளி, சூளகிரி வீடுகள்ல தமிழ், தெலுங்கு, கன்னடம் கலந்து பேசுவாங்க. பிள்ளை பேசலன்னா "நீ உங்க வீட்டு பாஷையைப் பேசிக் குழப்பிட்ட"ன்னு மருமகளைச் சொல்லுவாங்க. வீட்டுல ரெண்டு மூணு மொழி இருக்கிறதால ஆட்டிசமோ பேச்சுத் தாமதமோ வராது. அம்மா தனக்கு இயல்பா வர்ற மொழியிலேயே பிள்ளைகிட்ட பேசணும். அதைத் தடுத்தா அம்மாவும் பிள்ளையும் பேசிக்கிறதே குறைஞ்சு போகும்.

#7 பாலக்கோடு_சிறப்பாசிரியர்

எல்லாருக்கும் நன்றி. பழி பத்திப் பேச்சு வந்ததால கேட்கிறேன். "உன் வயித்துல வந்த கோளாறு", "கிரகணத்துல வெளிய வந்த", "போன் கொடுத்துக் கெடுத்த", "சொந்தத்துல கட்டினதால வந்தது". இதுக்கெல்லாம் அம்மாக்களுக்கு என்ன பதில் சொல்லிக் கொடுக்கலாம்?

#8 உளநலம்_தருமபுரி

அம்மாவுக்குப் பதில் சொல்லிக் கொடுக்கிறதுல பெரிய பலன் இல்லை மேடம். அவங்க வாயால சொன்னா "எதிர்த்துப் பேசறா"ன்னு ஆகும். அந்த வாக்கியம் மருத்துவர் வாயில இருந்து, அப்பாவும் மாமியாரும் அறையில இருக்கும்போது வரணும். டிஇஐசி எனப்படுற ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அடுத்த தடவை போகும்போது மாமியாரையும் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. "எது காரணம் இல்லைன்னு பாட்டிக்குச் சொல்லுங்க டாக்டர்"னு ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்து அனுப்புங்க. மருத்துவருக்கு அது ரெண்டு நிமிஷ வேலை.

சரியான தகவல் இவ்வளவுதான். ஆட்டிசம் வளர்ப்பால வராது. அம்மா பாசம் காட்டாததால வருதுன்னு 1950, 60களில் மேல்நாட்டு மருத்துவர்களே எழுதினாங்க. 1964லயே அமெரிக்க உளவியலாளர் பெர்னார்டு ரிம்லண்ட் அதை மறுத்து உயிரியல் காரணங்களை முன்வெச்சார், பின்னால அந்தக் கருத்தே கைவிடப்பட்டது. கிரகணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இல்லை. செல்போன் அதிகமாப் பார்க்கிறது பேச்சையும் தூக்கத்தையும் பாதிக்கும், குறைக்கிறது நல்லது. ஆட்டிசத்துக்கு அது காரணம் இல்லை.

சொந்தத்துல கல்யாணம் பத்திக் கவனமாப் பேசணும், ஏன்னா அதுல பாதி உண்மை இருக்கு. அக்கா மகள், மாமன் மகள் கட்டற குடும்பங்கள்ல சில மரபணு நோய்கள் வர்ற வாய்ப்பு கூடுது, அதுல சிலது அறிவுசார் குறைபாட்டைத் தரும். அந்த வகை நோய் வரணும்னா பழுதான மரபணுவோட பிரதி அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, ரெண்டும் சேரணும். ஒரு ஆளைக் குறை சொல்ல அதுல இடமே இல்லை. ஆட்டிசம் எல்லாத்துக்கும் இதுதான் காரணம்னும் சொல்லக் கூடாது, சொந்தமில்லாத தம்பதிகளுக்கும் அது வருது.

#9 கிராமச்_செவிலியர்_ஊத்தங்கரை

இதோட ஒட்டினது, யாரும் கூட்டத்துல பேசாதது: அடுத்த குழந்தை பயம். புருஷன் பொண்டாட்டி தூரமாகிறதுக்கு இது பெரிய காரணம். அவர் பக்கத்துல வந்தாலே இவங்களுக்கு "இன்னொண்ணும் இப்படியே பிறந்துட்டா?"ன்னு பயம். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, பிள்ளையை நடுவுல படுக்க வெச்சுக்குவாங்க. அவர் அதை வெறுப்புன்னு எடுத்துக்கிறார். மாமியார் வீட்டுல "நல்ல பிள்ளை ஒண்ணு பெத்துக்கொடு"ன்னு நெருக்கடி வேற.

பயத்தை எண்ணாலயும் சாதனத்தாலயும் குறைக்கலாம். ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தா அடுத்த பிள்ளைக்கு வர்ற வாய்ப்பு சுமார் 5ல 1. மேல சொன்ன ரெண்டு பிரதி வகை மரபணு நோய்ன்னா ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் 4ல 1. மூளை முடக்குவாதம் பிரசவச் சிக்கலால வந்திருந்தா கணக்கே வேற. அதனால முதல்ல காரணம் தெரியணும், மரபணு ஆலோசனை அதுக்குத்தான். ஸ்கேன்ல ஆட்டிசம் தெரியாதுன்னும் சொல்லிடுங்க.

முடிவு எடுக்கற வரைக்கும் கருத்தடை. காப்பர்-டி 380ஏ 10 வருஷம் வரைக்கும் வேலை செய்யும், எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். அந்தரா ஊசி 3 மாசத்துக்கு ஒருமுறை, வீட்டுல யாருக்கும் தெரிய வேண்டியதில்லைன்னு நினைக்கிறவங்களுக்கு அது வசதி. ஊசி போட்டா மாதவிலக்கு தாறுமாறாகும், சிலருக்கு நின்னே போகும், முன்கூட்டியே சொல்லலன்னா கர்ப்பமோன்னு பயந்து விட்டுடுவாங்க. ரெண்டும் அரசு மருத்துவமனையில இலவசம். குழந்தை இனி வேண்டாம்னு முடிவு பண்ணினா ஆண்களுக்கான தழும்பில்லாக் கருத்தடை பெண்ணுக்குப் பண்றதை விடச் சின்ன வேலை. அதை அப்பாக்கள் கூட்டத்துல மாந்தோப்பு சார் பேசணும்.

#10 மாந்தோப்பு

கண்டிப்பாப் பேசலாம் மேடம்.

வெளியூர்ல இருக்கிற அப்பாக்கள் விஷயத்துக்கு வர்றேன். ராத்திரி எட்டு மணி போன்தான் இந்தக் கல்யாணங்களோட உயிர்நாடி, அது எப்படிக் கெடுதுன்னு பாருங்க. பிள்ளை பின்னால கத்திக்கிட்டு இருக்கும், அம்மா ஒரு கையால ஊட்டிக்கிட்டே அன்னிக்கு நடந்த கஷ்டத்தையெல்லாம் சொல்லும். 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஆளுக்குக் கேட்கத்தான் முடியும், ஒண்ணும் பண்ண முடியாது. அவர் "நீதான் சரியாப் பார்த்துக்கணும்"னு ஒரு வார்த்தை விடுவார், சண்டை. அடுத்த வாரம் போன் 2 நிமிஷமாகும். அப்புறம் பணம் போட்டாச்சுன்னு சொல்ற போனா மட்டும் நிக்கும்.

அந்த ஒரு போனை ரெண்டாப் பிரிக்கச் சொல்லுங்க. ஏழரைக்கு 5 நிமிஷம் வீடியோ, பிள்ளைக்கு மட்டும். அப்பாவுக்கு ஒரே வேலை: தினம் அதே பாட்டு, இல்ல அதே எண்ணிக்கை, இல்ல பேர் சொல்லிக் கூப்பிடறது. மாறாம இருந்தாத்தான் பிள்ளை எதிர்பார்க்கும். பிள்ளை திரையைப் பார்க்காம ஓடினாலும் 5 நிமிஷம் முடிக்கணும், கோவிச்சுக்கக் கூடாது. ரெண்டாவது போன் பிள்ளை தூங்கினதுக்கு அப்புறம், 15 நிமிஷம். அதுல முதல் 5 நிமிஷம் பிள்ளை பேச்சே எடுக்கக் கூடாது. என்ன சாப்பிட்ட, மேஸ்திரி என்ன சொன்னார், மழை பெஞ்சுதா. ஆரம்பத்துல பேச ஒண்ணுமே இருக்காது. மூணு நாலு வாரம் ஆகும்.

அப்புறம் வாரக் கடைசி. சனி ராத்திரி வர்ற அப்பாகிட்ட ஞாயிறு காலை பிள்ளையைக் கொடுத்தா 10 நிமிஷத்துல திருப்பிக் கொடுத்துடுவார். அக்கறை இல்லாம இல்லை, அந்தப் பிள்ளையைக் கையாளத் தெரியாது. எந்தத் தட்டுல சாப்பிடும், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தும், கத்தினா தூக்கணுமா விடணுமா எல்லாம் அம்மா தலையில மட்டும் இருக்கு. அதனால அம்மா ஒரு வாய்ஸ் மெசேஜா அதைப் பதிவு பண்ணி அனுப்பணும், 3 நிமிஷம். எழுதிக் கொடுத்தா படிக்க மாட்டாங்க, பஸ்ல வரும்போது காதுல கேட்பாங்க.

முதல் வாரம் அம்மா குளிப்பாட்டறதை அப்பா பக்கத்துல நின்னு பார்க்கட்டும். ரெண்டாவது வாரம் அப்பா செய்ய, அம்மா வாசல்ல. மூணாவது வாரம் அம்மா வீட்டுலயே இருக்கக் கூடாது. கோவிலுக்கோ அக்கா வீட்டுக்கோ ஒரு மணி நேரம் போயிடணும். நாலாவது வாரம் ரெண்டு மணி நேரம். கெட்டுப் போறது மூணாவது வாரம்தான். அம்மா திரும்பி வந்து "தலையைச் சரியாத் தொடைக்கல, சட்டை மாத்திப் போட்டிருக்கீங்க"ன்னு சொன்னா அவர் அடுத்த வாரம் தொட மாட்டார். பிள்ளைக்கு ஆபத்தில்லாத எந்தத் தப்பையும் அந்த ஒரு மாசம் சொல்லவே கூடாதுன்னு முன்கூட்டியே ரெண்டு பேர்கிட்டயும் ஒப்புக்கொள்ள வைக்கணும்.

#11 தென்பெண்ணை

இதுல ராத்திரியையும் சேர்த்துக்கோங்க. சனி ராத்திரி 10 முதல் 2 வரை ஒருத்தர் பொறுப்பு, 2 முதல் 6 வரை இன்னொருத்தர். பொறுப்பில்லாத நேரத்துல பிள்ளை கத்தினாலும் எழுந்திருக்கக் கூடாது. ஒரே அறை வீடுகள்ல இது நடக்காது, அம்மாவுக்குக் காதுல சத்தம் விழுந்தா தானா எழுந்துடுவாங்க. அப்பாவும் பிள்ளையும் மொட்டை மாடியிலயோ திண்ணையிலயோ படுக்கணும், இல்லன்னா அம்மா பக்கத்து வீட்டுல படுக்கணும். வாரத்துல ஒரு ராத்திரி 4 மணி நேரம் உடையாத தூக்கம் கிடைச்சாலே மறுநாள் கோபம் இறங்கறது தெரியும்.

தினம் ராத்திரி நடுவுல முழிக்கிற பிள்ளைன்னா அம்மாவைச் சமாளிக்கச் சொல்றதை விட்டுட்டு குழந்தை மருத்துவர்கிட்ட தூக்கப் பிரச்சினைன்னு தனியாச் சொல்லணும். வலிப்பு, மலச்சிக்கல், பல்வலி, மூக்கடைப்பு இதெல்லாம் பேசாத பிள்ளைக்கு ராத்திரிதான் வெளியில வரும்.

#12 காரிமங்கலம்_வாசகர்

இந்த மாதிரிக் குழந்தை இருக்கிற தம்பதிகள்ல 80 சதவீதம் பேர் பிரிஞ்சுடுவாங்கன்னு வாட்ஸப்ல ஒரு பதிவு சுத்துது. உண்மையா?

#13 உளநலம்_தருமபுரி

பொய். அமெரிக்காவில் 2010ல் வந்த ஹார்ட்லி குழுவோட ஆய்வுல ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோட பெற்றோர்ல 23.5 சதவீதமும், மத்த பெற்றோர்ல 13.8 சதவீதமும் மணவிலக்கு ஆனவங்க. 2012ல் இன்னொரு பெரிய ஆய்வு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகள்ல 64 சதவீதமும் மத்த பிள்ளைகள்ல 65 சதவீதமும் பெற்ற தாய் தந்தை ரெண்டு பேரும் இருக்கிற வீட்டுல வளர்றதா, அதாவது வித்தியாசமே இல்லைன்னு சொன்னது. 80 எங்கயும் கிடையாது. அம்மாக்கள் குழுவுல அந்தப் பதிவு வந்தா உடனே மறுத்துடுங்க, அதைப் படிச்சுட்டுப் புருஷன் போன் எடுக்கலன்னாலே பயப்படறவங்க இருக்காங்க.

2010 ஆய்வுல நமக்குப் பயன்படற விஷயம் வேற ஒண்ணு இருக்கு. சாதாரணமாப் பிள்ளைக்கு எட்டு வயசு தாண்டினா பெற்றோர் பிரியற வாய்ப்பு குறையும். ஆட்டிசம் இருக்கிற வீடுகள்ல அது குறையாம, பிள்ளை வாலிபத்தைத் தாண்டற வரைக்கும் அப்படியே நீடிச்சுது. ஆகவே சின்னப் பிள்ளை அம்மாக்களை மட்டும் கூப்பிடாதீங்க. 14, 16 வயசுப் பையன் இருக்கிற அம்மா, மகளுக்கு மாதவிலக்கு வந்துட்ட அம்மா, இவங்களுக்கு டிஇஐசி, பள்ளி ரெண்டும் மெல்ல விலகிப் போற நேரம் அது.

அங்க மணவிலக்கு எண்ணிக்கையை எண்ணறாங்க. இங்க பதிவாகாத பிரிவு நிறைய: வேலைக்குப் போனவர் வர்றதைக் குறைக்கிறது, அம்மாவும் பிள்ளையும் தாய் வீட்டுல நின்னுடறது. இதுக்கு வக்கீல் யாராவது சொல்லுங்க.

#14 அரூர்_வழக்கறிஞர்

சுருக்கமாகச் சொல்கிறேன். குழந்தையின் குறைபாடு இந்து திருமணச் சட்டம் 1955இன் கீழ் விவாகரத்துக்குக் காரணம் ஆகாது. முதல் மனைவி இருக்கும்போது அதே காரணத்தைச் சொல்லி நடக்கும் இரண்டாம் திருமணம் செல்லாது, குற்றமும் ஆகும்.

ஊரில் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் விடுதலைப் பத்திரம் (திருமண உறவை முறிக்கும் பத்திரம்) எழுதி வாங்கும் வழக்கம் உள்ளது. அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்காறு தொன்றுதொட்டு இருப்பதை நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் அது நிற்கும். "ஜீவனாம்சம் கேட்க மாட்டேன், குழந்தைக்கும் கேட்க மாட்டேன்" என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம், குழந்தையின் பராமரிப்பு உரிமையைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது.

பராமரிப்புக்கு இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 144 (2024 ஜூலைக்கு முன் பழைய சட்டமான சி.ஆர்.பி.சி. 125). உடல் அல்லது மன நிலையால் தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு 18 வயது கடந்த பின்னும் தந்தை கொடுக்க வேண்டும். இடைக்காலத் தொகை மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் முடிந்தவரை முடிக்க வேண்டும் என்பது விதி. மனுவில் செலவை மொத்தமாக எழுதாதீர்கள். மருந்து, டயபர், தெரபிக்குப் போகும் வண்டிச் செலவு, பிள்ளையைப் பார்த்துக்கொள்வதால் தாய் இழக்கும் தினக்கூலி என்று மாதக் கணக்காக எழுதி ரசீதுகளை இணையுங்கள். அந்தக் கூலி இழப்பை எழுத மறந்துவிடுகிறார்கள்.

அடி, வெளியேற்றம் என்றால் குடும்ப வன்முறைச் சட்டம் 2005. வீட்டில் இருக்கும் உரிமை அதிலேயே உண்டு. பெண்கள் உதவி எண் 181. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார், எண் 15100.

வழக்கு மட்டுமே வழியில்லை. அதே ஆணைக்குழுவில் வழக்குப் போடும் முன்பே சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். மாந்தோப்பு சொன்ன ஞாயிறு ஏற்பாட்டைக்கூட அங்கே எழுத்தில் கொண்டுவர முடியும்.

#15 தென்பெண்ணை

பணத்தைப் பத்தி ஒரு வரி. தமிழக அரசோட மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல விண்ணப்பம். வங்கிக் கணக்கைத் தாயைக் காப்பாளராப் போட்டுத் திறங்க, பின்னால சண்டை வந்தா ஏடிஎம் கார்டு யார்கிட்டன்னு பிரச்சினை வராது. நிராமயா மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாட்டுக்கு. தெரபிச் செலவுக்கும் அதுல இடம் உண்டு. ரசீது இல்லாம தெரபி எடுத்தா வராது.

#16 பாலக்கோடு_சிறப்பாசிரியர்

மனசு நிறைஞ்சுது. இதை வெச்சு வரைவு போட்டிருக்கேன், தப்பு இருந்தா சொல்லுங்க.

முதல் 10 நிமிஷம் பிள்ளைகளைப் பக்கத்து அறைக்கு மாத்தறது, ரெண்டு உதவியாளர். அடுத்த 35 நிமிஷம் புளியங்கொட்டை. அப்புறம் 25 நிமிஷம் ஞாயிறு ஒப்படைப்பு, வாய்ஸ் மெசேஜை அங்கேயே பதிவு பண்ண வைக்கிறது. மீதி 20 நிமிஷம் செவிலியர் மேடம் கருத்தடை, ரத்தப் பரிசோதனை. பி.ஹெச்.க்யூ தனியா, ஒவ்வொருத்தரா, ரத்தம் எடுக்கற சாக்குல. அப்பாக்கள் கூட்டம் ஞாயித்துக்கிழமை காலை 9 மணிக்கு?

#17 உளநலம்_தருமபுரி

ரத்தம் எடுக்கற சாக்கு நல்ல யோசனை, யாருக்கும் சந்தேகம் வராது. ஆனா கேள்வி கேட்கிறதுக்கு முன்னால எதுக்குன்னு சொல்லி அவங்க சம்மதம் வாங்கிடுங்க. படிவத்துல பேர் வேண்டாம், எண் போதும். பதிவேட்டை பள்ளி அலமாரியில வைக்காதீங்க. 10ம் அதுக்கு மேலயும் வர்றவங்களை எந்த நாள், எந்த ஓபிக்கு அனுப்பறோம்னு மாவட்ட மனநலத் திட்டக் குழுகிட்ட முன்கூட்டியே பேசி நாள் வாங்கிட்டு அப்புறம்தான் கேள்வியே கேட்கணும்.

மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினா ஒண்ணு மட்டும் அழுத்திச் சொல்லுங்க. பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், முதல் வாரம் குமட்டல், தலைவலி, படபடப்பு வரலாம். அஞ்சாவது நாள் நிறுத்திடறவங்கதான் அதிகம். நல்லானதுக்கு அப்புறமும் குறைஞ்சது 6 மாசம், நிறுத்தும்போது மருத்துவர் சொல்ற மாதிரி படிப்படியா. தூக்க மாத்திரை மாதிரி பழகிப் போற வகை இல்லைன்னு புருஷன்கிட்டயும் சொல்லணும், மாத்திரையைத் தூக்கிப் போடறது பெரும்பாலும் வீட்டு ஆளுங்கதான்.

#18 மாந்தோப்பு

ஞாயிறு 9 மணி ஒத்து வராது மேடம். சனி நடுராத்திரி வந்து இறங்கினவர் அப்பதான் எழுந்திருப்பார், கறி வாங்கப் போகணும், முடி வெட்டணும். 11 முதல் 12 வைங்க. பிள்ளையோட வரச் சொல்லுங்க, தனியா வர வேண்டாம்னு சொல்லுங்க. பஸ்ல பிள்ளையைக் கூட்டிட்டு வர்ற அந்த ஒரு மணி நேரத்துலயே பாதிப் பாடம் முடிஞ்சுடும். டவுன் பஸ்ல மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் டிக்கெட் இல்லை, அட்டையை எடுத்துட்டு வரச் சொல்லுங்க.

அம்மாக்கள் வர வேண்டாம்னு அழைப்புலயே போட்டுடுங்க. வந்தா அவங்கதான் பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க.